அஞ்சியோகிராம் திகதியும் இரத்தக் குளிசைகளும்

கடந்த வருடம் என் வாப்பாவுக்கு அஞ்சியோகிராம் செய்வதற்குத் திகதி கிடைத்தது. வயது 74. ரம்புக்கனை பஜாரில் நீண்ட காலம் புடவைக் கடை நடத்தியவர். இருதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதால் ஆறு வருடமாக வார்பரின் குளிசை எடுக்கிறார். மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று சொன்ன பிறகு கிளினிக்கில் அஸ்பிரினும் சேர்த்தார்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் பைசோபிரலோல் ஏற்கெனவே இருந்தது. திகதி எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார்: "ஹாஜியார், ரெத்தத்தைத் தண்ணியாக்குற குளிசையெல்லாம் பத்து நாளைக்கு முந்தியே நிப்பாட்டுங்க. இல்லாட்டி குத்துன இடத்தால ரெத்தம் நிக்காது."

எது இரத்தக் குளிசை, எது துடிப்புக்கான குளிசை என்று வாப்பாவுக்குத் தெரியாது. கிளினிக் பையில் இருந்த அத்தனையையும் நிறுத்திவிட்டார். எங்களிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் இரவு மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். துடிப்பு நிமிடத்துக்கு 140. அஞ்சியோகிராம் ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த வகைத் துடிப்பு உள்ளவருக்கு மற்றவர்களை விடப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதைத் தடுத்துக்கொண்டிருந்த குளிசையை நிறுத்தி ஒன்பது நாள் நடமாடியிருக்கிறார். அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ்.

வார்டில் பொறுப்பெடுத்த வைத்தியர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலேயே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: வார்பரினை மட்டும் நான்கு நாட்களுக்கு முன் நிறுத்தவும், முதல் நாள் ஐ.என்.ஆர். பார்க்கவும், மற்றவை தொடரவும். அந்த வரி எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பிக்கும் நான் அதை எடுத்து வாசிக்கவில்லை.

அதன் பிறகு வாசித்தவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. உங்கள் குளிசையை நிறுத்தவோ தொடரவோ சொல்லும் உரிமை எனக்கில்லை. பள்ளி முற்றத்தில் நிற்கும் எவருக்கும் அது இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அஞ்சியோகிராம் ஒரு சத்திரசிகிச்சை அல்ல, பரிசோதனை. மணிக்கட்டில் அல்லது தொடையின் மேற்பகுதியில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்தி, இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளுக்குள் ஒரு சாயத்தைப் பாய்ச்சி எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1929இல் ஜேர்மனியில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் கை நாளம் வழியாகத் தானே ஒரு குழாயை இருதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது கண்டிக்கப்பட்டவருக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. முடியுரு நாடிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்துவது 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்பவரின் கையில் தற்செயலாக நடந்தது. இன்று பரிசோதனை மட்டும் என்றால் பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். பாரிய சிக்கல் வருவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மரணம் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான்.

அந்தச் சிறு எண்ணிக்கையில் ஒரு நல்ல பங்கு இரண்டு விடயங்களால் வருகிறது: இரத்தம் நிற்காமல் போவது, அல்லது உறையக் கூடாத இடத்தில் உறைவது. இரத்தக் குளிசை முதலாவதைக் கூட்டும், இரண்டாவதைக் குறைக்கும். எல்லாவற்றையும் நிறுத்து என்பது ஒரு தட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு.

பெயரே நம்மைக் குழப்புகிறது. சிங்களத்தில் 'லே தியகரன பெஹெத்' என்கிறார்கள், நாமும் இரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்து என்கிறோம். இரத்தம் தண்ணீராவதில்லை. நம் கேகாலை மாவட்டத்தில் இறப்பர் பால் எடுப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். சிரட்டையில் வடியும் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் கட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். அதனால் பால் நீர்த்துப் போவதில்லை, உறைவது பிந்துகிறது, அவ்வளவுதான். பிறகு தட்டில் ஊற்றி அமிலம் சேர்த்ததும் உறைந்துவிடுகிறது. இந்த மருந்துகளும் அப்படித்தான்: இரத்தத்தின் தடிப்பு மாறாது, உறையும் வேகம் மாறும்.

அந்த வேகத்தை மாற்றும் வழிகள் இரண்டு. காயத்தில் முதலில் போய் ஒட்டும் குருதிச் சிறுதட்டுக்களை ஒட்டவிடாமல் செய்வது ஒன்று. அஸ்பிரின், குளோபிடொக்ரல், பிரசுகிரல், டிக்காகிரலோர் இந்த வகை. பின்னர் வலை பின்னும் உறைதற் காரணிகளைத் தடுப்பது மற்றது. வார்பரின், ஹெப்பாரின், ரிவரொக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் இந்த வகை. உங்கள் பையில் எந்த வகை இருக்கிறது என்பது தெரியாமல் எந்த ஆலோசனைக்கும் பொருளில்லை.

முதல் வகையில் உள்ள அஸ்பிரினும் குளோபிடொக்ரலும் அஞ்சியோகிராமுக்காகப் பொதுவாக நிறுத்தப்படுவதில்லை. அடைப்பு இருக்குமோ என்று பார்க்கப் போகிறவருக்கு அவை பாதுகாப்பு. அடைப்பு கண்டு அதே மேசையில் ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் அவை கட்டாயம் தேவை. ஏற்கெனவே ஸ்டென்ட் உள்ளவர், முக்கியமாக வைத்துச் சில மாதங்களே ஆனவர், தானாக இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பல்லுப் பிடுங்கப் போனபோது நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனவர்கள் வந்து சொல்வதில்லை.

வார்பரின் வேறு கதை. இது எலி மருந்து அல்லவா என்று முகம் சுளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். உண்மைதான். பழுதான ஒரு வகைக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்ததை ஆராயப் போய், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் கண்ட பொருள்களின் வழியில் வந்தது. 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹவருக்கே கொடுத்தார்கள். அளவு தெரிந்து கொடுத்தால் மருந்து. அந்த அளவைப் பார்ப்பதற்குத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை.

சாதாரண மனிதருக்கு ஐ.என்.ஆர். 1 அளவில் இருக்கும். துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். அஞ்சியோகிராமைத் தொடை வழியாகச் செய்வதென்றால் 1.8க்குக் கீழும், மணிக்கட்டு வழியாக என்றால் 2.2க்குக் கீழும் இருப்பது நல்லது என்று அமெரிக்க இதய ஊடுருவு சிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2012இல் வழிகாட்டியது. வார்பரின் உடலை விட்டு மெதுவாகவே விலகும் என்பதால்தான் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்கிறார்கள். சில நிலையங்களில் மணிக்கட்டு வழியாக, நிறுத்தாமலே செய்துவிடுகிறார்கள். எது உங்களுக்கு என்பதை உங்கள் வைத்தியர் சொல்லவேண்டும்.

இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள் இங்கே தனியாகக் கவனிக்கவேண்டியவர்கள். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, மாற்றிக்கொண்ட தாய்மார் நம் ஊர்களிலும் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வார்பரினை நிறுத்தினால் வால்விலேயே இரத்தம் உறைந்து அது அசையாமல் போகலாம். அவர்களுக்கு இடைப்பட்ட நாட்களில் ஹெப்பாரின் ஊசி தேவையா என்று நிபுணர் தீர்மானிப்பார். துடிப்புக் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்கு அந்த இடைக்கால ஊசி பெரும்பாலும் தேவையில்லை. 2015இல் வெளியான, 1,884 பேரைக் கொண்ட பிரிஜ் என்ற ஆய்வில் ஊசி போட்டவர்களில் 3.2 வீதமானோருக்கும், போடாதவர்களில் 1.3 வீதமானோருக்கும் பெரிய இரத்தப்போக்கு ஏற்பட்டது. உறைகட்டியைத் தடுப்பதில் ஊசியால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஒரே வார்பரின், இரண்டு நோயாளிகள், இரண்டு விதமான கட்டளை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரிவரொக்சபான், அபிக்சபான் போன்ற புதிய குளிசைகள் வேகமாக விலகுபவை. நிறுத்தச் சொன்னால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். சிறுநீரகம் பலவீனமானவருக்கு, குறிப்பாக டபிகட்ரான் எடுப்பவருக்கு, கூடுதல் நாள் தேவைப்படும். நீரிழிவுக்கு மெட்போர்மின் எடுப்பவர்கள் அதையும் சொல்லவேண்டும். அது இரத்தக் குளிசை அல்ல, ஆனால் அந்தச் சாயத்தோடும் சிறுநீரகத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்வி.

இனி, பலருக்கு வியப்பாக இருப்பது. இரத்தம் நிற்காதோ என்று நாம் பயப்படும் அந்த மேசையிலேயே வைத்தியர் ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தைச் செலுத்துகிறார். காரணம், மணிக்கட்டு நாடி மெலிந்தது. குழாய் உள்ளே இருக்கும்போது இரத்தம் அங்கே தேங்கி உறைந்து நாடி அடைபடலாம். மணிக்கட்டு வழியை 1989இல் மொன்றியலைச் சேர்ந்த லூசியன் கம்போ 100 பேரில் செய்து அறிவித்தார். 1996இல் வெளியான பிரெஞ்சு வைத்தியர்களின் ஆய்வொன்றில் ஹெப்பாரின் கொடுக்கப்படாதவர்களில் 71 வீதமானோருக்கு மணிக்கட்டு நாடி அடைபட்டது. 2,000 முதல் 3,000 அலகு கொடுத்தவர்களில் 24 வீதம். 5,000 அலகு கொடுத்தவர்களில் 4.3 வீதம். 2018இல் கிரேக்கத்தில் 1,800க்கும் மேற்பட்டோரை வைத்து, பரிசோதனை அஞ்சியோகிராமுக்கு மட்டும் செய்த ஆய்வில், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 50 அலகு கொடுத்தபோது 8.1 வீதமானோருக்கும் 100 அலகு கொடுத்தபோது 3 வீதமானோருக்கும் நாடி அடைபட்டது. அளவைக் கூட்டியதால் இரத்தப்போக்கு குறிப்பிடும்படி கூடவில்லை.

நாடி அடைபட்டாலும் கைக்கு மற்றொரு நாடி இரத்தம் கொடுக்கும், பலருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்த முறை அந்த வழி இல்லை. பைபாஸுக்கோ, சிறுநீரக நோயாளிக்கு டயலிசிஸுக்கோ அந்த நாடி தேவைப்படலாம். ஹெப்பாரினின் வேகம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அவசரமானால் புரோட்டமின் என்ற முறிப்பு மருந்தும் உண்டு. தொடை வழியாகப் பரிசோதனை மட்டும் செய்யும்போது பெரும்பாலும் ஹெப்பாரின் தேவைப்படாது, ஆனால் தொடையில் இரத்தம் கசியும் ஆபத்து மணிக்கட்டை விட அதிகம்.

இரண்டாவது திகதிக்கு முதல் நாள் இரவு வார்டில் வாப்பா என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "மகன், அந்த ஊசி பன்றியில இருந்து எடுக்கிறதாமே?"

பொய் சொல்ல முடியாது. 1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ஆரம்பித்து வைத்த இந்த மருந்து, இன்று உலகில் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வயிற்றில் போடும் இனொக்சபாரின் ஊசியும் அதிலிருந்து வந்ததே. மாட்டிலிருந்து எடுப்பதும் உண்டு. மாட்டுப் பித்து நோய்ப் பயத்தால் 1990களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது போய்விட்டது, பிரேசில் போன்ற நாடுகளில் இன்னும் இருக்கிறது. செயற்கையாகச் செய்யும் பைவலிருடின் இருக்கிறது. அது நம் தோட்டத்து ஆட்கள் நன்கறிந்த அட்டையிடம் கற்ற பாடம். அட்டை கழன்ற பிறகும் காலில் இரத்தம் வடிந்துகொண்டே இருப்பது அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடினால் என்பதை 1884இல் ஜோன் ஹேக்ராப்ட் கண்டார். ஆனால் பைவலிருடின் விலை கூடியது, எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை.

மார்க்கத் தீர்ப்பு என் துறை அல்ல. அந்த இரவே ஊர் மௌலவி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சொன்ன பிறகு நான் தேடிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா வாதம் உண்டு. நம் நாட்டில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் அதை மிகக் குறுகலாகவே ஏற்கிறது. அதனால் நமக்கு நேரான வழி தேவை, நிர்ப்பந்தம் என்பதுதான். நிர்ப்பந்தத்துக்கான விலக்கு சூரத்துல் பகராவின் 173ஆம் வசனத்திலேயே இருக்கிறது. தூய மாற்று இல்லாதபோது போதைப்பொருள் தவிர்ந்த நஜீஸைக் கொண்டு மருத்துவம் செய்வதை இமாம் நவவி மஜ்மூஇல் அனுமதித்திருக்கிறார். 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் பேரவை தனது 17ஆவது அமர்வில் ஹெப்பாரினின் புதிய வகையைப் பற்றியே பேசி, அனுமதிக்கப்பட்ட மாற்று இல்லாதபோதும், மாற்று சிகிச்சையை நீளச் செய்யும்போதும் பயன்படுத்தலாம், தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்று தீர்மானித்தது. வாப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப டொக்டர்ட மாத்து மருந்து இருக்கான்னு கேளுங்க, இல்லாட்டி போடட்டும்" என்றார். கேட்டேன். சிங்கள வைத்தியர், முகம் சுளிக்காமல், இல்லை என்று காரணத்தோடு விளக்கினார். கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. மேசையில் படுத்த பிறகு கேட்காமல், முதல் நாளே கேட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

ஹெப்பாரின் விலங்கிலிருந்து வருவதால் வேறொரு ஆபத்தும் இருந்தது. 2007 பிற்பகுதியிலும் 2008இலும் சீனாவிலிருந்து போன மூலப்பொருளில் மிகைசல்பேற்றிய கொண்ட்ரொயிட்டின் என்ற போலிப் பொருள் கலந்து, அமெரிக்காவில் பலர் இறந்தார்கள். பாக்ஸ்டர் கம்பனி தன் ஹெப்பாரினை மீளப்பெற்றது. அதன் பின்னரே தரப் பரிசோதனைகள் கடுமையாக்கப்பட்டன.

வைத்தியர் கேட்காமலும் நாம் சொல்லவேண்டியவை சில உண்டு. மூட்டு வலிக்குப் பார்மசியில் வாங்கும் டைக்குளோபினக், மீன் எண்ணெய் உறை, வெறும் வயிற்றில் பூண்டு, தினமும் கருஞ்சீரகம். இவை சுன்னத் என்றோ கைமருந்து என்றோ நாம் மருந்துப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கருஞ்சீரகத்தைக் குறை சொல்லவில்லை, எடுப்பதைச் சொல்லுங்கள் என்கிறேன். வார்பரின் எடுப்பவர் ஒரு வாரம் வல்லாரையும் முகுணுவென்னவும் நிறையத் தின்று, மறு வாரம் முற்றாக விட்டால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கீரையில் உள்ள விற்றமின் கே வார்பரினுக்கு எதிரானது. கீரையை விடவேண்டாம், அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். ஹிஜாமா செய்பவர்களும், செய்துகொள்பவர்களும் இரத்தக் குளிசை எடுப்பவரின் தோலைக் கீறுமுன் அவருடைய வைத்தியரிடம் கேட்கவேண்டும். நோன்பு காலத்தில் இரு வேளைக் குளிசைகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றுவதும் கேட்டுச் செய்யவேண்டியதே.

பரிசோதனைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதும் காலைக் குளிசைகளையும் விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு மிடறு தண்ணீரோடு எதை விழுங்கலாம் என்று முதல் நாளே தாதி மிஸ்ஸிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். தொடை என்றால் படுத்து, பலமாக அழுத்திக்கொண்டு 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். கை குளிர்ந்து மரத்தாலும், தொடையில் வீக்கம் பெருத்தாலும், வாய் கோணி பேச்சுக் குழறினாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். நிறுத்திய வார்பரினை எந்த இரவு மறுபடி ஆரம்பிப்பது என்று கேட்காமல் வார்டை விட்டு வரவேண்டாம். நிறுத்தச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆரம்பிக்கச் சொன்னதுதான் மறந்துபோகிறது.

வாப்பாவுக்கு அன்று ஐ.என்.ஆர். 1.7. வலது மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். ஒரு நாடியில் அடைப்பு, ஸ்டென்ட் தேவையில்லை, மருந்தோடு பார்ப்போம் என்றார்கள். வார்பரினை அன்றிரவே ஆரம்பிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு குளிசையின் பெயரையும், அது எதற்கு என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, பைசோபிரலோலுக்கு நேரே பென்சிலால் 'இது ரெத்தக் குளிசை இல்லை' என்று தன் கையால் எழுதிக்கொண்டார்.